வில்லங்கச் சான்றில் நீதிமன்ற ஜப்தி: வீட்டை விற்பதற்கு முன் அதை நீக்கும் முழு வழிமுறை

விலை பேசி முடித்து, அச்சாரமும் கைமாறிய பிறகு, வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றைப் புரட்டிப் பார்த்து நடுவில் கிடக்கும் ஒற்றை வரியில் விரலை வைக்கிறார்: ஏதோ ஒரு நீதிமன்றம், ஏதோ ஓர் ஆண்டின் அசல் வழக்கு, சொத்து ஜப்தி. "அந்தக் கடனை அப்போதே தீர்த்துவிட்டேனே" என்கிறார் விற்பவர். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் கடன் தீர்ந்தது அவருக்கும் கடன் கொடுத்தவருக்கும்தான் தெரியும். நீதிமன்றத்தின் வழக்குக் கட்டுக்கும் (கோப்புக்கும்), சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்துக்கும் தெரியாது. அந்த இரண்டு இடங்களுக்கும் செய்தியை முறைப்படி கொண்டு சேர்க்கும் வரை வீடு விலை போகாது. தமிழ்நாட்டில் அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஜப்தி எதைத் தடுக்கிறது

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பணத் தீர்ப்பு ஒன்றை மாவட்டப் பதிவேட்டில் பதிந்தாலே, கடனாளிக்கு அந்த மாவட்டத்தில் உள்ள நிலம், வீடு எல்லாவற்றின் மீதும் அது பாரமாக ஏறிவிடும். அங்குள்ள உறவினர் சொன்னதைக் கேட்டு இங்கும் அப்படித்தான் என்று எண்ணுபவர்கள் உண்டு. நம் சட்டத்தில் வெறும் பண டிகிரி (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) எந்தச் சொத்தையும் தானாகப் பிடித்துக்கொள்வதில்லை. டிகிரி பெற்றவர் சொத்து விவரத்தைக் குறிப்பிட்டு மனுச் செய்து, 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 54-இன்படி ஜப்தி ஆணை பெற வேண்டும். அந்த ஆணை, சொத்தை விற்கவோ அதன் மீது பாரம் ஏற்றவோ கூடாது என்று கடனாளியைத் தடுக்கிறது. தண்டோரா போட்டோ வழக்கமான வேறு முறையிலோ அந்த இடத்தில் அறிவிக்கப்படுகிறது. நகல் ஒன்று வீட்டின் கண்ணில் படும் இடத்திலும் இன்னொன்று நீதிமன்றத்திலும் ஒட்டப்படுகிறது. சார்பதிவாளருக்குச் செல்லும் நகல்தான் பிறகு வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக நம்மைப் பார்க்கிறது.

இந்தத் தடையை மீறி விற்றால், அதே சட்டத்தின் பிரிவு 64-இன்படி, ஜப்தியின் கீழ் நிறைவேற்றத்தக்க கோரிக்கைகளுக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. அதாவது, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே கிரயம் உயிரோடு இருந்தாலும் டிகிரிதாரர் அதைப் பொருட்படுத்தாமல் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். முன்பெல்லாம் இதையும் மீறிப் பத்திரம் பதிவாகிக்கொண்டிருந்தது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 2022 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த பிறகு, நீதிமன்றமோ தீர்ப்பாயமோ உரிய அதிகாரியோ ஜப்தி செய்த சொத்தின் விற்பனை, தானம், குத்தகைப் பத்திரங்களைப் பதிய மறுப்பது பிரிவு 22-பி-இன்படி சார்பதிவாளரின் கடமையாகிவிட்டது. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டாலோ சொத்தில் ஜப்தி போன்ற வில்லங்கம் இருந்தாலோ பதிய மறுக்கச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ(i) செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் கேள்விப்பட்டு, இனி ஜப்தி இருந்தாலும் பதியலாம் என்று சொல்லும் தரகர்களைப் பார்க்கிறேன். அந்தத் தீர்ப்பு அந்த விதியைப் பற்றியது, பிரிவு 22-பி-யைப் பற்றியது அல்ல. அதை நம்பி அச்சாரம் வாங்கிவிடாதீர்கள்.

முதல் படி: வரியை முழுமையாகப் படித்தல்

பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து வில்லங்கச் சான்றை எடுங்கள். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பழைய புல எண்ணையும் சேர்த்துத் தேடுவது அவசியம். ஏனெனில் 1990-களில் வந்த ஜப்தி பழைய எண்ணில் உட்கார்ந்திருக்க, புதிய எண்ணில் எடுத்த சான்று தூய்மையாகத் தெரியலாம்.

ஜப்தி வரியிலிருந்து நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர்கள், சொத்து விவரம் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் முக்கியமானவை. 'ஓ.எஸ்.' என்றால் அசல் வழக்கு, 'ஐ.ஏ.' என்றால் அதில் போடப்பட்ட இடைக்கால மனு, 'ஈ.பி.' என்றால் நிறைவேற்று மனு, அதாவது டிகிரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு. ஐ.ஏ. எண்ணில் வந்த ஜப்தி பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்பே கட்டளை 38, விதி 5-இன் கீழ் பெறப்பட்டதாக இருக்கும், ஈ.பி. எண்ணில் வந்தது தீர்ப்புக்குப் பிந்தையது. இரண்டுக்கும் வெளியேறும் வாசல் வேறு.

வரியில் இருப்பது உரிமையியல் நீதிமன்றமே அல்லாமல் வருமான வரி வசூல் அலுவலரோ, கடன் வசூல் தீர்ப்பாயமோ, வருவாய்த்துறையோ, நிதி நிறுவன முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றமோ என்றால் அந்தந்த அமைப்பிடமே நீக்க ஆணை பெற வேண்டும். கீழே சொல்லப்படும் விதிகள் அவற்றுக்கு அப்படியே பொருந்தா.

இரண்டாம் படி: நீதிமன்றக் கட்டைக் கண்டுபிடித்தல்

இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ தரப்பினர் பெயரையோ கொண்டு தேடினால் வழக்கின் தற்போதைய நிலை தெரியும். பழைய வழக்குகள் அதில் இல்லாமல் போகலாம். அப்போது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு நீதிமன்றத்தின் பதிவேடுகளைப் பார்க்கச் சொல்லி, தீர்ப்பு, டிகிரி, ஜப்தி ஆணை, நிறைவேற்று மனுவின் குறிப்புத்தாள் ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு நகல் மனுப் போட வேண்டும். கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். வழக்குப் பதிவேட்டில் உள்ள குறிப்பின் நகலையும், கட்டு இல்லை என்பதற்கான எழுத்துச் சான்றையும் கேளுங்கள். பின்னால் எந்த மனுவுக்கும் அவையே அடிப்படையாகும்.

என் அனுபவத்தில் இந்தப் படிதான் அதிகக் காலத்தைத் தின்கிறது. நீதிமன்றங்கள் பிரிக்கப்பட்டு எல்லைகள் மாறியிருக்கும். முன்பு மாவட்டத் தலைநகரில் நடந்த வழக்கின் கட்டு இப்போது தாலுகா நீதிமன்றத்தில் இருக்கும். ஆகவே வீட்டை விற்கும் எண்ணம் வந்தவுடனேயே, விலை பேசத் தொடங்கும் முன்பே இந்தத் தேடலை ஆரம்பித்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: உங்கள் நிலை எது என்று தீர்மானித்தல்

கட்டு கைக்கு வந்ததும் பலருடைய சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும். ஜப்தி சட்டப்படி ஏற்கெனவே முடிந்துபோயிருப்பது தெரியவரும். நிறைவேற்று மனு தள்ளுபடியாகும்போது ஜப்தி தொடர்கிறதா, முடிகிறதா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஜப்தி முடிந்ததாகவே கருதப்படும் என்கிறது கட்டளை 21, விதி 57. டிகிரிதாரர் பல வாய்தாக்களுக்கு வராமல் போய்த் தள்ளுபடியான மனுக்கள் ஏராளம். அப்படியான தள்ளுபடி ஆணையில் ஜப்தி தொடரும் என்ற வாசகம் இல்லையென்றால், அந்த ஆணையின் சான்றிட்ட நகலே உங்கள் வலுவான ஆவணம்.

டிகிரியை நிறைவேற்ற 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டுகள் தருகிறது. அதற்குள் நிறைவேற்று மனுவே போடப்படவில்லை என்றால் டிகிரி உயிரற்றது. ஆனால் 12 ஆண்டுகளுக்குள் போட்ட மனு இன்னும் நிலுவையில் இருந்தால் காலம் கடந்துவிட்டது என்று வாதிட முடியாது. வில்லங்கச் சான்றின் வரி எவ்வளவு பழையது என்பதை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. நீதிமன்றப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி என்றால், வழக்குத் தள்ளுபடியானதுமே அதை விலக்க நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்று கட்டளை 38, விதி 9 கூறுகிறது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் நீதிமன்றம் கோரும் பிணையத்தைக் கொடுத்தும் ஜப்தியை விலக்கிக்கொள்ளலாம். வங்கி உத்தரவாதமோ வேறொரு சொத்தோ அதற்குப் பயன்படும். வாய்தாவுக்கு வராததால் தள்ளுபடியான வழக்கு பின்னர் மீண்டும் கோப்புக்கு எடுக்கப்பட்டாலும், பழைய ஜப்தி அந்தக் காரணத்தால் மட்டும் உயிர் பெறாது.

கடன் உங்களுடையதே அல்ல என்ற நிலையும் உண்டு. முந்தைய உரிமையாளரின் கடனுக்காக, அவர் உங்களுக்கு விற்ற பிறகு ஜப்தி வந்திருக்கலாம். அதே பெயர் கொண்ட வேறொருவரின் கடனுக்கு உங்கள் புல எண் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். இவற்றுக்குக் கட்டளை 21, விதி 58-இன் கீழ் உரிமை கோரும் மனு வழி. அதை ஜப்தி செய்த நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும், அந்த முடிவுக்கு டிகிரியின் வலு உண்டு, மேல்முறையீடும் உண்டு. சொத்து ஏலத்தில் விற்கப்பட்ட பிறகு இந்த மனுவை ஏற்க மாட்டார்கள், வேண்டுமென்றே தாமதித்தாலும் ஏற்க மாட்டார்கள். ஜப்திக்கு முன்பே கிரயப் பத்திரம் எழுதி, ஜப்திக்குப் பிறகு பதிவு நடந்திருந்தாலும் வாங்கியவரின் உரிமையே நிற்கும் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. பத்திரம் எழுதாமல் விற்பனை ஒப்பந்தம் மட்டும் இருந்தால், பிரிவு 64-இல் வந்த 2002 திருத்தத்தின்படி அந்த ஒப்பந்தம் ஜப்திக்கு முன்பே பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். காலஞ்சென்ற தந்தையின் கடனாக இருந்தால், வாரிசுகளின் பொறுப்பு அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். ஆனால் ஜப்தியான வீடே அவரிடமிருந்து வந்ததுதான் என்றால் அந்த வாதம் வீட்டைக் காப்பாற்றாது.

நான்காம் படி: கடன் உண்மையிலேயே நிலுவையில் இருந்தால்

முதலில் கணக்கை நீங்களே போடுங்கள். டிகிரியில் அசல், வழக்குப் போட்ட நாள் முதல் தீர்ப்பு நாள் வரையான வட்டி, அதன் பிறகான வட்டி, வழக்குச் செலவு என்று தனித்தனியாக இருக்கும். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி, வணிகக் கடன் அல்லாதவற்றில் ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 34. தீர்ப்பு நாளில் அசல் 4,00,000 ரூபாய், வட்டி 6 சதவீதம், ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன என்று வைத்துக்கொண்டால் பிந்தைய வட்டி 1,20,000 ரூபாய். இதனுடன் முந்தைய வட்டியும் செலவுத் தொகையும் சேரும். டிகிரிதாரர் புரோநோட்டில் இருந்த 24 சதவீதத்தை இன்றுவரை ஓட்டிக் காட்டும் கணக்கைத் தந்தால் டிகிரி நகலை எடுத்து முன்னால் வையுங்கள். டிகிரியில் இல்லாத வட்டி கிடையாது. மறுபுறம், இடையில் நீங்கள் கொடுத்த சில்லறைத் தொகைகள் பொதுவாக முதலில் வட்டிக்கும் செலவுக்கும்தான் வரவு வைக்கப்படும் என்பதால் அசல் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பணத்தைச் செலுத்தும் முறையில்தான் மிக அதிகமானவர்கள் தவறுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பணத்தை எண்ணிக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை, கட்டளை 21, விதி 2-இன்படி பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளாது. டிகிரிதாரர் தாமாக வந்து தெரிவிக்க வேண்டும். இல்லையேல் கடனாளி மனுச் செய்ய வேண்டும். கடனாளியின் மனுவுக்குக் காலக்கெடு பணம் கொடுத்த நாளிலிருந்து வெறும் 30 நாள். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் ரசீது எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், டிகிரிதாரரின் நல்லெண்ணத்தை நம்பியே இருக்க வேண்டிவரும். அவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் தேடிச் செல்ல வேண்டும்.

ஆகையால் பாதுகாப்பான வழி, பணத்தை நிறைவேற்றும் நீதிமன்றத்திலேயே கட்டி, அதைப் பதிவு அஞ்சல் மூலமோ நீதிமன்றம் வழியாகவோ டிகிரிதாரருக்கு அறிவிப்பதுதான். அறிவிப்பு அவருக்குச் சேர்ந்த நாளோடு வட்டி ஓடுவதும் நின்றுவிடும். நேரில் தீர்த்துக்கொள்வதாக இருந்தால் வங்கி வரைவோலையாகக் கொடுங்கள்; கொடுக்கும் நாளிலேயே இரு தரப்பும் கையெழுத்திட்ட முழுத் தீர்வு மனுவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். தொகையைக் குறைத்துப் பேச விரும்புபவர்கள், நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுவை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அங்கு ஏற்படும் சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

வீட்டை விற்றால்தான் கடனைக் கட்டப் பணமே வரும், ஜப்தி நீங்கினால்தான் வீட்டையே விற்க முடியும் என்ற முடிச்சில் மாட்டியவர்களுக்குச் சட்டம் ஒரு கதவை வைத்திருக்கிறது. வழக்கறிஞர்கள்கூட அதை அதிகம் தட்டுவதில்லை. நீதிமன்றம் ஏல விற்பனைக்கு ஆணையிட்ட பிறகு, தனிப்பட்ட விற்பனை மூலமே தொகையைத் திரட்ட முடியும் என்று காட்டினால், கட்டளை 21, விதி 83-இன்படி ஏலத்தைத் தள்ளிவைத்து, குறித்த காலத்துக்குள் விற்றுக்கொள்ள அனுமதிக்கும் சான்றிதழை நீதிமன்றம் தரலாம். பிரிவு 64-இன் தடை அந்த விற்பனைக்கு இல்லை. விலைப் பணம் உங்கள் கைக்கு வராமல் நீதிமன்றத்துக்கே செல்லும்; நீதிமன்றம் உறுதி செய்த பிறகே விற்பனை முழுமையடையும். அடமான டிகிரியில் விற்பனைக்கு வந்த சொத்துக்கு இந்த வழி இல்லை. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகவிருக்கும் வீட்டைச் சந்தை விலைக்கு விற்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஏலமே முடிந்துவிட்டிருந்தாலும், விற்பனை நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு அவருடைய விலையில் 5 சதவீதத்தையும் கட்டி விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

ஏலக் கட்டத்துக்கு வராத ஜப்தியில் வாங்குபவரின் உதவியோடு தீர்ப்பதாக இருந்தால், எழுத்து ஒப்பந்தத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: ஜப்தி இருப்பது வாங்குபவருக்குத் தெரியும் என்பது, முன்பணம் நேராக நீதிமன்றத்தின் பெயருக்கே கட்டப்படும் என்பது, குறித்த நாளுக்குள் நீக்க ஆணை வராவிட்டால் அந்தப் பணம் எப்படித் திரும்பும் என்பது. வில்லங்கத்தை மறைப்பது பயன் தராது. வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரை, பாரங்களைத் தீர்த்துக் கொடுப்பது விற்பவரின் கடமை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55 சொல்கிறது.

ஐந்தாம் படி: நீக்க ஆணை

பணம் முழுவதும் நீதிமன்றத்தில் கட்டப்பட்டாலோ, தீர்வு பதிவானாலோ, டிகிரி ரத்தானாலோ ஜப்தி விலகியதாகக் கருதப்படும் என்கிறது கட்டளை 21, விதி 55. ஆனால் அந்த விலகலைப் பறைசாற்றுவது கடனாளி விரும்பினால் மட்டுமே, அதுவும் அவருடைய செலவிலேயே நடக்கும் என்று அதே விதி சொல்லிவிடுகிறது. பழைய வரிகள் இன்றும் வில்லங்கச் சான்றில் கிடப்பதற்கு இதுதான் காரணம், யாரும் கேட்கவில்லை.

எனவே மனுவின் கோரிக்கைப் பகுதியில், தீர்வைப் பதிவு செய்ய வேண்டும் என்பதோடு நிற்காமல், குறிப்பிட்ட நாளின் ஜப்தி ஆணை நீக்கப்பட வேண்டும் என்றும், அந்த நீக்கத்தை இன்ன சார்பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். சொத்து விவரம், பழைய ஜப்தி ஆணையில் இருந்ததைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். புல எண் மாறியிருந்தால் பழையதும் புதியதும் இரண்டும் வர வேண்டும். சார்பதிவாளர் எல்லை மாறி, வீடு இப்போது வேறு அலுவலகத்தின் கீழ் வந்திருந்தால் இரண்டு அலுவலகங்களையும் குறிப்பிடுங்கள். ஜப்தி ஏற்கெனவே சட்டப்படி முடிந்துபோன பழைய வழக்கிலும் இதே நீதிமன்றத்தில் மனுச் செய்து, அது நடப்பில் இல்லை என்று எழுத்தில் பெறுவதே நல்லது.

ஒரே வீட்டின் மீது இரண்டு மூன்று கடன்காரர்கள் தனித்தனியே ஜப்தி வாங்கியிருக்கலாம். ஒன்றை நீக்கினால் மற்றவை போகா. ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனி ஆணை.

ஆறாம் படி: சார்பதிவாளர் அலுவலகம்

ஆணை பிறந்ததும் பேட்டா (நீதிமன்றத் தகவலை அனுப்புவதற்கான கட்டணம்) கட்டி, நீதிமன்றத்திலிருந்து தகவல் அனுப்பப்படும் நாளையும் அனுப்புகை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேரும் என்று காத்திருக்காமல், சான்றிட்ட நகலுடன் நீங்களே சார்பதிவாளரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அந்த ஆணை 1-ஆம் புத்தகத்தில் கோப்பிடப்பட்ட பிறகு வில்லங்கச் சான்றில் புதிய வரியாக வரும். பழைய ஜப்தி வரி அழிந்துபோகாது. அது இருந்த இடத்திலேயே இருக்கும், அதற்குக் கீழே நீக்கத்தின் வரி சேரும். வாங்குபவரின் வழக்கறிஞர் தேடுவதும் இந்த இரண்டாம் வரியைத்தான்.

நீக்க ஆணையைக் கொடுத்த பின்னும் கிரயப் பத்திரத்தைப் பதிய மறுத்தால், வாய்மொழி மறுப்போடு திரும்பாமல் காரணங்களுடன் எழுத்து மறுப்பாணை கேளுங்கள். அதன் மீது 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையில், நீதிப்பேராணை மனு உண்டு.

கிரயத்துக்கு முன்தினம் வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்துப் பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் வேறொரு ஜப்தி ஏறியிருக்கக்கூடும். நீக்க ஆணையின் சான்றிட்ட நகலில் ஒன்றைத் தாய்ப்பத்திரங்களோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுங்கள். அவர் நாளை விற்கும்போது அதே பழைய வரியில் இன்னொரு வழக்கறிஞர் விரல் வைப்பார்.